மறுவீட்டுச் சொதியும் மாசக் கடைசிக் கூட்டாஞ்சோறும்

தம்பி கேட்டிருப்பது இரண்டு விருந்துகளைப் பற்றி. தங்கை கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளையும் அவர் வீட்டாருமாக 12 பேர் வருகிற சனிக்கிழமை ராத்திரி சாப்பிட வருகிறார்கள். எல்லோரும் சைவம். செலவுக்கு 6,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறார். அது முடிந்து பத்து நாளில், சரியாக மாசக் கடைசியில், ஆபீஸ் நண்பர்கள் 10 பேர். அவர்களுக்குக் கறி, மீன் எதுவும் ஓடும். ஆனால் கையில் 1,500தான் இருக்கும். வீடு பாளையங்கோட்டையில், அடுப்பு இரண்டு பர்னர், சமைக்க இவரும் இவர் மனைவியும் மட்டும். என்ன சமைப்பது, எவ்வளவு வாங்குவது?

பதினெட்டு வகை வைத்த இலையிலிருந்து எழுந்து போகிறவர்கூட வீட்டுக்குப் போய் ஒன்றைத்தான் சொல்வார்: "சொதி நல்லாருந்துச்சு", இல்லையென்றால் "வடை ஆறிப்போச்சு". அந்த ஒன்று எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பணமும் நேரமும் உங்கள் மனைவியின் முதுகுவலியும் அதற்குப் போகட்டும். மற்றதெல்லாம் அதற்குத் துணை. இதை முடிவு பண்ணாமல் பட்டியல் போட ஆரம்பித்தால் 6,000மும் பத்தாது, 1,500மும் பத்தாது.

மாப்பிள்ளை வீட்டுக்குச் சொதிதான், தேங்காய்ப்பாலில் காய்கள் போட்டு வைக்கிற குழம்பு. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. நம் பக்கத்துச் சைவ வீடுகளில் மறுவீட்டு விருந்துக்கு இதைத்தான் எதிர்பார்த்து வருவார்கள். மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். ஆனால் சொதி மத்தியானத்துச் சாப்பாடு. தேங்காய்ப்பால் கனமானது, அதனால்தான் கூடவே இஞ்சித் துவையல் கட்டாயம் வைப்பார்கள். நீங்களோ ராத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். "காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலை கடுக்காய்" என்று வளர்ந்த பெரியவர்கள் யாராவது அந்தப் பன்னிரண்டு பேரில் இருப்பார்கள். ராத்திரியில் இஞ்சியைத் தொட மாட்டார்கள், தயிரைத் தொட மாட்டார்கள், கீரையைப் பார்த்தால் முகத்தைச் சுளிப்பார்கள். முடிந்தால் விருந்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மாற்றிவிடுங்கள், பாதிக் கவலை போய்விடும். முடியாது, ராத்திரிதான் என்றால் இப்படிச் செய்யலாம்.

சோற்றுக்குப் பதில் இடியாப்பம். ராத்திரிப் பலகாரமாகவும் ஆச்சு, சொதிக்கும் அதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. ஆளுக்கு 100 கிராம் மாவு என்று கணக்கு வைத்து ஒன்றேகால் கிலோ பிசையுங்கள். கூடவே அரைக்கிலோ அரிசி மட்டும் வடித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பெரியவர்களில் சிலருக்குச் சோறு இலையில் விழாமல் சாப்பிட்ட கணக்கே வராது. ரசத்துக்கும் மோருக்கும் அது உதவும். இஞ்சித் துவையலை அரைத்து இலையில் வைத்துவிடுங்கள். வேண்டாம் என்பவர் ஒதுக்கிவிட்டு நார்த்தங்காயைத் தொட்டுக்கொள்ளட்டும். எழுந்த பிறகு எல்லோருக்கும் சுக்குப் போட்ட கருப்பட்டிக் காபி ஒரு டம்ளர் கொடுங்கள். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் நல்லது.

இனி சொதியின் கணக்கு. மூன்று பேருக்கு ஒரு தேங்காய் என்பது எங்கள் வீட்டு அளவு. 12 பேருக்கு நல்ல முற்றலாக 4. பாசிப்பருப்பு 200 கிராம். உருளைக்கிழங்கு 300 கிராம், கேரட், பீன்ஸ் இரண்டும் கால்கால் கிலோ, முருங்கைக்காய் 3, பச்சைப் பட்டாணி 200 கிராம், உரித்த சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு ஒன்று, பச்சை மிளகாய் 12 முதல் 15 வரை, எலுமிச்சம்பழம் 2. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் எதுவும் கிடையாது. சொதி வெள்ளையாக இருக்க வேண்டும், காரம் பச்சை மிளகாயிலிருந்து வர வேண்டும்.

துருவிய தேங்காயை வெந்நீர் தெளித்து அரைத்து, முதல் பாலைக் கெட்டியாகப் பிழிந்து தனியாக மூடி வையுங்கள். இரண்டாம் பால், மூன்றாம் பால் தனித்தனி ஏனத்தில். பாசிப்பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு, கீறிய மிளகாயை வதக்கி, காய்களைப் போட்டு மூன்றாம் பாலில் வேகவிடுங்கள். காய் வெந்ததும் பருப்பும் இரண்டாம் பாலும். இதுவரை கொதிக்கலாம், ஒன்றும் ஆகாது. முதல் பால் ஊற்றும்போதுதான் அடுப்பை விட்டு நகரக் கூடாது. தீயைச் சிறியதாக்கி, கரண்டியால் ஒரே பக்கமாகக் கிண்டிக்கொண்டே ஊற்ற வேண்டும். ஏனத்தின் ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டி, நடுவில் ஆவி எழும்புகிற அந்த நேரத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும்.

நான் கல்யாணமான புதிதில் என் நாத்தனாரின் மறுவீட்டுக்குச் சொதி வைக்கிறேன் என்று முன்னால் போய் நின்றேன். எல்லாம் சரியாக வந்தது. முதல் பால் ஊற்றிவிட்டு, யாரோ கூப்பிட்டார்கள் என்று வாசலுக்குப் போய்விட்டு வந்தேன். அதற்குள் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பதற்றத்தில் அந்தக் கொதியிலேயே எலுமிச்சம்பழத்தையும் பிழிந்தேன். அவ்வளவுதான், திரிந்த பால் மாதிரி மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவில் வெள்ளை வெள்ளையாகத் திப்பி. ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "தேங்காப்பாலு கொதிக்கப்படாதுளா, சூடு கண்டாப் போதும்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. கொதி ஏறினால் பாலில் இருக்கிற புரதம் கட்டியாகி எண்ணெய் பிரிந்துவிடுகிறது, புளிப்பும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். அதனால் எலுமிச்சையை அடுப்பு அணைத்து ஐந்து நிமிஷம் கழித்துத்தான் பிழிய வேண்டும். கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளிதம் தேங்காயெண்ணெயிலோ நெய்யிலோ. மேலே நெய்யில் வறுத்த முந்திரி 100 கிராம். ஆடம்பரம் என்றால் இங்கே செய்யுங்கள், எல்லோர் கண்ணுக்கும் படும்.

இதற்குத் துணையாக என்ன என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். விருந்து என்றதும் அவியல் வைப்பார்கள், தேங்காய்ப்பால் பாயசமும் வைப்பார்கள். சொதியும் தேங்காய், அவியலும் தேங்காய், பாயசமும் தேங்காய். ராத்திரி ஒன்பது மணிக்கு இதைச் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் கார் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். ஆகவே தேங்காய் விழாத கறியாக வையுங்கள்: உருளைக்கிழங்கு காரக்கறி ஒன்றரைக் கிலோவுக்கு, சேனைக்கிழங்கு வறுவல் ஒரு கிலோவுக்கு. மார்கழி, தை என்றால் சேனைக்குப் பதில் சிறுகிழங்கு. வெளியூரிலிருந்து வரும் மாப்பிள்ளைக்கு அதைவிட மரியாதை நம் மண்ணில் இல்லை. தோலெடுப்பதுதான் பாடு. கத்தியை எடுத்தால் விடிந்துவிடும். ஊறவைத்து, பழைய சாக்கில் போட்டு, வாயைப் பிடித்துக்கொண்டு தரையில் தேய்த்தால் மண்ணும் தோலும் தானாக உரிந்து வரும். மிச்சத்தை மட்டும் கத்தியால் சுரண்டினால் போதும்.

அப்பளம், நேந்திரங்காய் சிப்ஸ், ஆளுக்கு ஒரு உளுந்த வடை. வடையைச் சுடச்சுட இலையில் வைக்க முடியாதென்றால் வைக்கவே வேண்டாம். இஞ்சித் துவையலுக்கு 150 கிராம் இஞ்சி. வதக்கி, வற்றல் மிளகாய், வறுத்த உளுந்து, புளி, கொஞ்சம் வெல்லம் சேர்த்து அரைத்தால் முதல் நாளே செய்து வைக்கலாம், கெடாது. மிளகு ரசம், மோர். அவ்வளவு போதும்.

இனிப்புக்கு அல்வா. வீட்டில் கிண்டாதீர்கள். சம்பா கோதுமையை ஊறவைத்துப் பாலெடுத்து, சீனியும் நெய்யுமாக மணிக்கணக்கில் கிண்டுகிற வேலையைச் சொதி வைக்கிற நாளில் இழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆளுக்கு 60 கிராம் என்றாலும் முக்கால் கிலோ போதும். ஒரு கிலோ வாங்கினால் வீட்டுக்குக் கட்டிக் கொடுக்கவும் இருக்கும். நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையில்தான் வாங்குவேன் என்றால் கடை மாலையில்தான் திறக்கும், கூட்டமும் இருக்கும். விருந்தன்று சாயங்காலம் நீங்கள் அங்கே வரிசையில் நின்றால் வீட்டில் முதல் பாலை யார் கிண்டுவது? முதல் நாள் வாங்கி வையுங்கள். பரிமாறும் முன்பு ஏனத்தோடு வெந்நீரில் இறக்கி வைத்தால் நெய் இளகி, வாங்கியபோது இருந்த பதத்துக்கு வந்துவிடும். பக்கத்தில் ஒரு கை மிக்சர்.

பணக் கணக்கைப் பாருங்கள். தேங்காய், காய்கறி, பருப்பு, மாவு எல்லாம் சேர்ந்து 1,000 ரூபாயைச் சுற்றித்தான் வரும். நெய், முந்திரி, அல்வா மூன்றும்தான் பெரிய செலவு, அதையும் சேர்த்தாலும் 6,000 வராது. மிச்சத்தில் இன்னும் நாலு வகை சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்க்காதீர்கள். பரிமாறவும் ஏனம் கழுவவும் ஒரு ஆளைக் கூலிக்கு வையுங்கள். இடியாப்பம் பிழிவதற்கும் ஆள் வேண்டும். ஒரு பர்னரில் சொதி, இன்னொன்றில் இடியாப்பம் என்று ஆகிவிட்டால் வடைக்கு அடுப்பு இல்லை. ஒற்றை அடுப்பு ஒன்று அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். சமையலுக்கே தவசுப்பிள்ளை (விருந்துச் சமையல்காரர்) ஒருவரைக் கூப்பிடலாமா என்றால், 12 பேருக்கு வேண்டாம். அவர்கள் கை பெரிய பந்திக்குப் பழகியது, 12 பேருக்குச் சமைத்தாலும் 30 பேருக்கு மிஞ்சும்.

இலை வாங்குவதில் மட்டும் கொஞ்சம் கவனம். முகூர்த்த நாள் என்றால் நுனியிலையின் விலை அன்று காலையில் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது, தேங்காயும் முருங்கைக்காயும் அப்படியே. காலண்டரைப் பார்த்து, முகூர்த்தம் வந்தால் முதல் நாளே வாங்கி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காய்கறிக்கு மகாராஜநகர் உழவர் சந்தை உங்களுக்குப் பக்கம், காலையிலேயே போய்விடுங்கள்.

சரி, மாசக் கடைசிக்கு வருவோம்.

நண்பர்கள் என்றதும் கறி எடுக்க வேண்டும் என்று மனசு சொல்லும். பத்துப் பேருக்கு ஆட்டுக்கறி மரியாதையாக இலையில் விழ இரண்டு கிலோ வேண்டும், உங்கள் 1,500 அங்கேயே தீர்ந்துவிடும். அரைக்கிலோவை வாங்கிப் போட்டு, பத்துப் பேரைக் குழம்பில் கறியைத் தேட விடுவதற்கு, கறியே எடுக்காமல் இருக்கலாம். அந்தக் காசுக்குள் நெஞ்சை நிமிர்த்திப் பரிமாறக்கூடியது ஒன்று உண்டு, கூட்டாஞ்சோறு.

சின்ன வயசில் தெருப்பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி அரிசி, ஆளுக்கொரு காய் கொண்டுவந்து ஆக்கிச் சாப்பிட்ட சமாச்சாரம்தான் இது. ஆபீஸ் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்வது? பத்துப் பேருக்கு அரிசி ஒரு கிலோ, துவரம்பருப்பு 300 கிராம், காய் ஒன்றரைக் கிலோ, தேங்காய் ஒன்று, புளி பெரிய எலுமிச்சம்பழ அளவு. அரிசி குண்டு ரகமாக இருக்கட்டும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அம்பை 16 மாதிரி ரகம் குழைந்து சேர்ந்து வரும். பொன்னியைப் போட்டால் உதிரியாக நின்று, சாம்பார் சாதம் மாதிரி ஆகிவிடும். காயில் கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், அவரை நான்கும் இருந்தால் போதும், சீனியவரைக்காயும் சேர்க்கலாம். மாங்காய்க் காலமென்றால் இரண்டு கீற்று மாங்காய், புளியைக் குறைத்துவிடுங்கள். கடைசியில் ஒரு கை முருங்கைக்கீரை. இளவட்டங்கள் ராத்திரிக் கீரைக்குச் சண்டைக்கு வர மாட்டார்கள்.

பருப்பை முக்கால் வேக்காடு வேகவைத்து, அதிலேயே அரிசியைப் போட்டு, அரிசி பாதி வெந்ததும் காய்களையும், காய் வெந்து வரும்போது புளிக்கரைசலையும் சேர்க்க வேண்டும். புளியை முன்னாலேயே விட்டால் பருப்பும் காயும் விறைத்துப் போகும். அப்புறம் தேங்காய், வற்றல் மிளகாய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்த அரைப்பு. இறக்கும்போது தேங்காயெண்ணெயை ஒரு குழிக்கரண்டி அப்படியே பச்சையாக ஊற்றிக் கிளறி மூடிவிடுங்கள். திறக்கும்போது வரும் வாசனைக்குத்தான் அந்த எண்ணெய், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த அளவு வெந்து பெருகும்போது வீட்டில் இருக்கிற 10 லிட்டர் குக்கரில் அடங்காது. ஒன்று, இரண்டு தடவையாக ஆக்குங்கள். இல்லை, வாடகைப் பாத்திரக் கடையில் அடி கனமான அண்டா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடி மெல்லிய ஏனத்தில் பருப்பும் அரிசியும் சேர்ந்தால் பிடிக்காமல் இருக்காது, அந்தக் கருகல் வாசனையை எந்த எண்ணெயும் மறைக்காது.

தொட்டுக்கொள்ளக் கூழ்வத்தலும் அப்பளமும் தாராளமாகப் பொரியுங்கள். வத்தல் மலிவான சாமான், ஆனால் குறைந்தால் மட்டும் எல்லோரும் கவனிப்பார்கள். பாயசம் இங்கே வைக்கலாம், ஏனென்றால் கூட்டாஞ்சோற்றில் தேங்காய் அவ்வளவு இல்லை. பாசிப்பருப்பு கால் கிலோ, மண்டைவெல்லம் அரைக்கிலோ, தேங்காய் 2, சுக்கும் ஏலமும். பால் ஊற்றும் விதி சொதிக்குச் சொன்னதுதான். இவ்வளவும் சேர்த்து 1,000 ரூபாயைச் சுற்றி முடிந்துவிடும், மோரும் இலையும் உட்பட.

இல்லை, அசைவம் இல்லாமல் இந்தப் பயல்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால், பரோட்டாவைக் கடையில் வாங்கிக்கொண்டு சால்னாவை வீட்டில் வையுங்கள். ஆளுக்கு 3 என்று 30 பரோட்டா, பிராய்லர் கோழி ஒன்றரைக் கிலோ எலும்போடு சின்னத் துண்டுகளாக. கோழி குறைவு, சால்னா அதிகம் என்பதுதான் சூத்திரம். கசகசாவும் பொட்டுக்கடலையும் தேங்காயோடு அரைத்து ஊற்றினால் சால்னா தண்ணீராக ஓடாது. 1,500க்குள் வரும், ஆனால் பாயசத்துக்கு மிஞ்சாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் போதும். மீன் என்றால் சாளை மலிவு, புளிக்குழம்புக்கும் நல்லது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடைக்காலம். அந்த 61 நாளும் உவரியிலும் தூத்துக்குடியிலும் நாட்டுப்படகு மீன்தான் வரும், விலை ஏறியிருக்கும். அப்போது மீனை மறந்துவிடுங்கள்.

நாள்வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சொதி விருந்துக்கு முதல் நாள்: இஞ்சித் துவையல், அல்வா, சிப்ஸ், இலை. விருந்தன்று காலையில் உருளைக்கிழங்கும் சேனையும் நறுக்கி, உளுந்தை ஊறப்போடுங்கள். தேங்காயைச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் உடைத்தால் போதும். காலையிலேயே பால் எடுத்து வெளியில் வைத்தால் நம் ஊர் வெக்கையில் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். ஏழு மணிக்கு வருகிறேன் என்றவர்கள் எட்டரைக்கு வருவார்கள், ஆகவே முதல் பாலை அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகு ஊற்றுங்கள். பத்தமடைப் பாய் விரித்துத் தரையில் பந்தி போடுவது அழகுதான், ஆனால் முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு மேஜையைத் தனியாகப் போட்டு, கூடவே வீட்டு மனுஷர் ஒருவரையும் உட்கார வையுங்கள், ஒதுக்கியது மாதிரி தெரியக் கூடாது.

12 என்று சொன்னால் 14 பேர் வருவார்கள், மாப்பிள்ளையின் சித்தப்பா வீட்டிலிருந்து யாராவது. அதற்காக எல்லாவற்றையும் கூட்டி வைக்க வேண்டாம். வடித்த சோறும் ரசமும் அந்த இரண்டு பேருக்குத்தான். சொதி மிஞ்சினால் அன்று ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் வெந்நீர் ஏனத்தில் இறக்கிச் சூடு காட்டிச் சாப்பிடுங்கள், அடுப்பில் நேராக ஏற்றினால் என் நாத்தனார் மறுவீட்டுச் சொதிதான். கூட்டாஞ்சோறு மிஞ்சாது.